நடிகர் விலகினால், எழுத்தாளர் மாறினால்: நகைச்சுவைத் தொடர் எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் யூடியூபுக்காக நகைச்சுவைத் தொடர் எடுக்கும் குழுக்கள் பெருகிவிட்டன. முதல் பதினைந்து எபிசோட் உற்சாகத்திலேயே ஓடிவிடும். அதற்குப் பிறகுதான் சிக்கல். கடைக்காரராக நடித்தவருக்கு ஓசூரில் வேலை கிடைக்கும். மாமியாராக நடித்தவர் மகளின் பிரசவத்துக்குப் போவார். வசனம் எழுதியவரைச் சென்னை கூப்பிட்டுக்கொள்ளும். பத்து வருடம், முப்பது வருடம் ஓடிய தொலைக்காட்சித் தொடர்களும் இதே சிக்கலைச் சந்தித்தவைதான். அவை எப்படிச் சமாளித்தன, அதிலிருந்து நாம் எதை எடுத்துக்கொள்ளலாம் என்பதே இந்தப் பக்கம்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைத் தொடரை வைத்துக்கொள்வோம். பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு தட்டுவடை செட் கடை. கடைக்கார அண்ணன், கல்லாவில் உட்காரும் அவருடைய மாமியார், கேரட்டும் பீட்ரூட்டும் சீவித் தரும் பையன், தினமும் வந்து கடன் சொல்லும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இந்த நான்கு பேர்தான் தொடர்.

வாத்தியாராக நடித்தவர் விலகிவிட்டார். முதலில் என்ன செய்வது?

அதே மாதிரி ஒருவரைத் தேடிக் கிளம்பாதீர்கள். கடைசிப் பத்து எபிசோடின் சீன் பேப்பரை எடுங்கள். ஒவ்வொரு காட்சியிலும் வம்பைத் தொடங்கியது யார், மாட்டிக்கொண்டது யார், உண்மையைப் போட்டு உடைத்தது யார், கடைசிச் சிரிப்பு யாருக்கு என்று நான்கு பத்தி போட்டு எழுதுங்கள். இரண்டு மணி நேர வேலைதான். முடித்ததும் ஒன்று தெரியவரும்: வாத்தியார் கடன் சொல்வது வெறும் பழக்கம், தொடரில் அவருடைய வேலை வேறு. யாருக்கும் அடங்காத மாமியார் அவர் ஒருவர் முன்னால் மட்டும் வாயை மூடிக்கொள்வார். அவர் போய்விட்டால் மாமியாரைத் தடுக்க ஆளில்லை, எல்லாக் காட்சியும் ஒரே சத்தமாகிவிடும்.

நிரப்ப வேண்டியது அந்த வேலையைத்தான். வருகிறவர் வாத்தியாராக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டராக இருக்கலாம், மாமியாரின் சொந்த அண்ணனாகக்கூட இருக்கலாம்.

ஒரு பாத்திரம் காலியானால் எத்தனை வழிகள் உண்டு?

நடைமுறையில் நான்கு. அதே பாத்திரம், புது முகம்: நம்மூரில் "இனி இவருக்குப் பதில் இவர்" என்று ஸ்லைடு போடுவது. அதே இடத்துக்குப் புதுப் பாத்திரம். ஏற்கெனவே இருப்பவர் அந்த வேலையையும் சேர்த்து எடுத்துக்கொள்வது. அந்த இடத்தையே மூடிவிடுவது.

ஐந்தாவதாக ஒன்று உண்டு, அதைப் பரிந்துரைக்க மாட்டோம்: நாற்காலியைக் காலியாக வைத்துக்கொண்டு "வருவார், வருவார்" என்று சொல்லிக்கொண்டே இருப்பது. 2008 ஜூலையில் தொடங்கி நான்காயிரம் எபிசோடுகளைத் தாண்டிய இந்தித் தொடர் 'தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா'வில் தயாபென்னாக நடித்த திஷா வகானி 2017-இல் மகப்பேறு விடுப்பில் போனார், நிரந்தரமாகத் திரும்பவில்லை. பல ஆண்டுகள் அந்த இடத்தில் வேறு யாரையும் போடாமல், வருகிறார் என்ற பேச்சை மட்டும் கதைக்குள் ஓட்டினார்கள். ஒவ்வொரு முறையும் பார்வையாளர் எதிர்பார்த்து ஏமாந்தார்கள். அதே தொடர் மற்ற இடங்களில் தயங்காமல் ஆளை மாற்றியது. டாக்டர் ஹாத்தியாக நடித்த கவி குமார் ஆசாத் 2018-இல் இறந்தபோது நிர்மல் சோனி வந்தார். கதைசொல்லியான மேத்தாவாக நடித்த சைலேஷ் லோதா 2022-இல் விலகியதும் சச்சின் ஷ்ராஃப் வந்தார். தொடர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இதில் எதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்?

அமெரிக்காவின் 'மாஷ்'. 1972 செப்டம்பர் முதல் 1983 பிப்ரவரி வரை 11 பருவங்கள் (சீசன்கள்) ஓடியது. கொரியப் போர்க்களத்தில் ஒரு ராணுவ மருத்துவமனை, அதில் நகைச்சுவை. முக்கியமானவர்களில் நான்கு பேர் வெவ்வேறு நேரத்தில் விலகினார்கள். நான்கு இடத்தையும் நிரப்பிய விதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாடம் கிடைக்கும்.

தலைமை அதிகாரி ஹென்றி பிளேக்காக நடித்த மெக்லீன் ஸ்டீவன்சன் 1975-இல் போனார். பிளேக் ஊருக்குத் திரும்பும் விமானம் சுடப்பட்டு அவர் இறந்துவிட்டதாகக் கடைசிக் காட்சி. அந்தக் காட்சி எழுதிய தாளை நடிகர்களில் பெரும்பாலோருக்குப் படப்பிடிப்பின் கடைசிவரை காட்டவில்லை. பிளேக் விட்டுக்கொடுத்தே பழகியவர், அவர் இடத்துக்கு வந்த கர்னல் பாட்டர் நரைத்த தொழில்முறைச் சிப்பாய். ட்ராப்பராக நடித்த வேய்ன் ராஜர்ஸ் ஒப்பந்தத் தகராறில் இரண்டு பருவங்களுக்கு இடைப்பட்ட காலத்தில் விலகியதால் விடைபெறும் காட்சியே எடுக்க முடியவில்லை. அந்தக் குறையையே கதையாக்கினார்கள்: நண்பன் விமான நிலையத்துக்கு ஓடி வருகிறான், சில நிமிடத்தில் தவறவிடுகிறான். அங்கேயே புதிதாக வந்திறங்கும் பி.ஜே.யைச் சந்திக்கிறான். ட்ராப்பர் பெண்கள் பின்னால் சுற்றுகிறவர், பி.ஜே. மனைவியையும் மகளையும் நினைத்து உருகுகிறவர்.

மூன்றாவதுதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. ஃப்ராங்க் பர்ன்ஸ் கையாலாகாத டாக்டர், எல்லோரும் கிண்டல் செய்யும் பாத்திரம். ஐந்து வருடத்தில் அந்தக் கிண்டல் தீர்ந்துபோய்விட்டது. லாரி லின்வில் 1977-இல் விலகியதும் வந்த வின்செஸ்டர் திமிர் பிடித்தவர்தான், ஆனால் மற்றவர்களைவிடக் கெட்டிக்கார சர்ஜன். அதே இடத்தில் எதிரி இருக்கிறார், இப்போது திருப்பி அடிக்கத் தெரிந்தவர். நான்காவதாக, 1979-இல் அலுவலக எழுத்தராக இருந்த ரேடார் போனபோது புது ஆளே வரவில்லை. பெண் உடை போட்டுக்கொண்டு வேலையை விட்டு ஓடப் பார்த்த கிளிங்கருக்கு அந்த மேசையைக் கொடுத்தார்கள். பழைய பாத்திரத்துக்குப் புதுப் பொறுப்பும் ஆச்சு, செலவும் மிச்சம். சின்னக் குழுக்கள் முதலில் யோசிக்க வேண்டிய வழி இதுதான். தட்டுவடைக் கடையில் அண்ணன் இல்லையென்றால், காய் சீவிய பையனைக் கடைக்காரனாக்கிப் பாருங்கள்.

அப்படியென்றால் "இவருக்குப் பதில் இவர்" தப்பா?

தப்பில்லை. தினமும் வரும் தொடரில் வேறு வழியும் இல்லை, கதை அந்தப் பாத்திரத்தின் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். அமெரிக்காவின் 'பிவிட்ச்ட்' தொடரில் 1969-இல் கணவன் வேடத்துக்கு டிக் யார்க்குக்குப் பதில் டிக் சார்ஜன்ட் வந்தார். ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது, 1972 வரை ஓடியது. கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள் தயாரிக்க, நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி'யின் முதல் பாகத்தில் ராம்ஜியும் வாசுகியும், இரண்டாம் பாகத்தில் பிருத்விராஜும் தேவதர்ஷினியும். பாகம் மாறும்போது மாற்றினால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. இடையில் மாற்றுவதுதான் நுணுக்கமான வேலை.

இடையில் மாற்றும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

புது நடிகரின் முதல் காட்சி சின்னதாக இருக்கட்டும், ஒன்றரை நிமிடம் போதும். பழகிய இடத்தில், பழகிய வேலையைச் செய்துகொண்டிருக்கட்டும்: கடைக்காரர் என்றால் தட்டுவடைமேல் சட்னி தடவிக்கொண்டு. கூடவே பழைய பாத்திரங்கள் இரண்டு பேராவது இருக்கவேண்டும், அவர்களில் ஒருவர் முதல் வசனத்திலேயே பெயரையோ முறையையோ சொல்லிக் கூப்பிட வேண்டும். அழுகைக் காட்சியில் அறிமுகம் வேண்டாம். க்ளோசப்பில் தொடங்கவும் வேண்டாம்.

பெரும்பாலும் கோட்டை விடுவது செட்டில். சுவரில் மாட்டிய கல்யாண போட்டோ, கல்லா மேல் ஒட்டிய குடும்பப் படம், கைப்பேசித் திரை, டைட்டில் பாட்டில் வரும் துண்டுக் காட்சிகள், பழைய எபிசோட் தம்ப்நெயில். இத்தனை இடத்திலும் பழைய முகம் இருக்கும். பட்டியல் போட்டு, புது நடிகருக்கு நிழற்படம் எடுக்கவே அரை நாள் ஒதுக்குங்கள். டைட்டிலில் அவர் வரும் துண்டுகளையும் அன்றைக்கே எடுத்துவிடலாம். ஸ்லைடை எபிசோடின் தொடக்கத்தில் ஐந்து வினாடி போடுங்கள். விவரக் குறிப்பில் மட்டும் போட்டால் யாரும் படிப்பதில்லை.

பழைய நடிகரின் சட்டையைப் புதியவருக்குப் போடாதீர்கள். தோளில் கிடக்கும் துண்டு, மூக்குக்கண்ணாடி என்று ஒரே ஒரு பொருள் தொடரட்டும். பஞ்ச் வசனத்தைப் பத்து எபிசோடுக்காவது நிறுத்தி வையுங்கள். 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமானார். அவருடைய "இந்தாம்மா... ஏய்" ஊர் முழுக்கப் பரவியிருந்தது. அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தபோது அவரும் அதையே அதே குரலில் சொன்னால் போலியாகத்தான் கேட்டிருக்கும். நடிகரோடு ஒட்டிப்போன வசனத்தை அவரோடு விட்டுவிடுவதே மரியாதை.

முதல் இரண்டு வாரம் கருத்துப் பெட்டி முழுக்க ஒப்பீடுதான் வரும். எட்டு எபிசோட் போகட்டும், பிறகு முடிவெடுக்கலாம்.

நடித்தவர் இறந்துவிட்டால்?

முகத்தை மாற்றுவது கடைசி வழியாக இருக்கட்டும். நகைச்சுவைத் தொடரில் சாவைக் காட்டக்கூடாது என்று பயப்படுகிறார்கள், பார்வையாளர் அழவும் தயாராகத்தான் இருக்கிறார்கள். பிரிட்டனின் 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' தொடரில் தாத்தாவாக நடித்த லென்னர்ட் பியர்ஸ் 1984 டிசம்பரில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே இறந்தார். எழுத்தாளர் ஜான் சல்லிவன் அதே வேடத்துக்கு வேறு ஆளைப் போட மறுத்துவிட்டார். தாத்தாவின் இறுதிச்சடங்கையே ஒரு எபிசோடாக எழுதினார், அந்தச் சடங்குக்கு வந்த உறவினராக ஆல்பர்ட் மாமாவை நுழைத்தார். சாவு வீட்டில் அறிமுகமான பாத்திரம், பிறகு தொடரின் தூணாகிவிட்டது.

ஒரு மதுக்கடையில் நடக்கும் அமெரிக்கத் தொடர் 'சியர்ஸ்' (1982–1993). அதில் கோச் என்ற கடை ஊழியராக நடித்த நிக்கோலஸ் கொலசான்டோ 1985 பிப்ரவரியில் இறந்தார். அடுத்த பருவத்தில் ஒரு கிராமத்து இளைஞன் வருகிறான், கோச்சின் பேனா நண்பன். கடிதம் எழுதினீர்களா என்றால் இல்லை, ஒருவருக்கொருவர் பேனாக்களைத்தான் அனுப்பிக்கொண்டார்களாம். கோச்சின் வெகுளித்தனத்தை ஒரே சிரிப்பில் இன்னொரு தலைமுறைக்குக் கை மாற்றிய எழுத்து அது. கொலசான்டோவின் ஒப்பனை அறையில் இருந்த படம் ஒன்றை செட் சுவரில் மாட்டி வைத்தார்கள். 1993-இல் கடைசி எபிசோடின் கடைசிக் காட்சியில் கதாநாயகன் போய் அந்தப் படத்தை நேராக்கிவிட்டு வருவான். காரணம் சொல்லாமல் செய்த அஞ்சலி. நீங்களும் செட்டில் அப்படி ஒரு பொருளை வையுங்கள்.

குழந்தை நடிகர் வளர்ந்துவிட்டால்?

பாத்திரத்தையும் வளரவிடுங்கள். குரல் உடைகிற வயதில் மாற்ற நினைத்தால், பள்ளி விடுமுறையில் ஒரு மாத இடைவெளி விட்டு மாற்றுங்கள்.

எழுத்தாளர் மாறினால் பார்வையாளருக்குத் தெரியுமா?

பெயர் தெரியாது, வித்தியாசம் தெரியும். "முன்ன மாதிரி இல்லை" என்று சொல்வார்கள், பழியை நடிகர் மேல் போடுவார்கள். எங்கள் கணிப்பில் நடிகர் மாற்றத்தைவிட இதுதான் பெரிய மாற்றம், நம் குழுக்கள் குறைவாகக் கவலைப்படுவதும் இதைப் பற்றித்தான்.

'மாஷ்' தொடரை உருவாக்கி எழுதிய லாரி கெல்பார்ட் நான்காம் பருவத்தோடு 1976-இல் விலகினார், அடுத்த ஆண்டு தயாரிப்பாளர் ஜீன் ரெனால்ட்ஸும் விலகினார். அதன்பின் தொடரில் கேலி குறைந்து கனம் கூடியது. 'சைன்ஃபெல்ட்' தொடரின் லாரி டேவிட் ஏழாம் பருவத்தோடு 1996-இல் போனார். பிறகு இரண்டு பருவங்கள் அவர் இல்லாமல் ஓடின, சம்பவங்கள் இன்னும் வேகமாகவும் விபரீதமாகவும் ஆயின. 1998-இல் கடைசி எபிசோடை எழுத மட்டும் திரும்பினார். 'கம்யூனிட்டி' தொடரை உருவாக்கிய டான் ஹார்மனை மூன்றாம் பருவத்துக்குப் பின் 2012-இல் நீக்கினார்கள். நான்காம் பருவத்தில் அதே நடிகர்கள் பெரும்பாலும் இருந்தும் ரசிகர்கள் ஏற்கவில்லை. ஐந்தாம் பருவத்துக்கு அவரையே திரும்பக் கூப்பிட்டார்கள்.

இதற்கு நேர் எதிராக ஒன்று. யார்க்ஷயர் மலையூரில் எடுத்த பிரிட்டிஷ் தொடர் 'லாஸ்ட் ஆஃப் த சம்மர் வைன்', 1973 முதல் 2010 வரை, 295 எபிசோட். அத்தனையும் எழுதியவர் ஒரே ஆள், ராய் கிளார்க். மூன்று கிழவர்கள் வேலையில்லாமல் ஊர் சுற்றுவதுதான் கதை. மூன்றாவது ஆளாக நடிப்பவர் மாறிக்கொண்டே இருந்தார்: பிளமைர், ஃபாகி, சீமோர், மறுபடி ஃபாகி, ட்ரூலி. ஒவ்வொருவரும் வேறு குணம். ஆனால் எல்லோருக்கும் வேலை ஒன்றுதான், மற்ற இருவரையும் ஏதாவது கிறுக்குத் திட்டத்தில் இழுத்துவிடுவது. எழுதும் கை நிலையாக இருந்ததால் முகங்கள் மாறியும் ஊர் மாறவில்லை.

புது எழுத்தாளரிடம் தொடரை எப்படி ஒப்படைப்பது?

ஆறு எபிசோட் இருவரும் சேர்ந்திருக்க வேண்டும். முதல் இரண்டைப் பழையவர் எழுதட்டும், புதியவர் பக்கத்தில் உட்காரட்டும். அடுத்த இரண்டுக்குப் புதியவர் ஒன்லைன் (கதைச் சுருக்கம்) போட, பழையவர் திருத்தட்டும். கடைசி இரண்டைப் புதியவரே எழுதி முடிக்கட்டும். அதில் பழையவர் செய்ய வேண்டியது ஒன்றே: "இவர் இப்படிப் பேச மாட்டார்" என்கிற வரிகளின் கீழ் கோடு போடுவது. சண்டையாகப் பிரிந்தால் இது நடக்காது, அதனால் கையேட்டை முன்கூட்டியே எழுதி வையுங்கள். துறையில் பைபிள் என்பார்கள். 15 பக்கம் போதும்.

அதில் பாத்திரத்துக்கு ஒரு பக்கம்: என்ன வேண்டும், எதற்குப் பயம், எந்தப் பொய்யை அடிக்கடி சொல்வார். தமிழில் இன்னொன்று கட்டாயம், யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார். மாமியார் அண்ணனை "மாப்பிள்ளை, வாங்க, போங்க" என்பார், திட்டும்போதும் மரியாதை குறையாது, சிரிப்பே அங்கேதான். புது எழுத்தாளர் தெரியாமல் ஒரே ஒரு "நீ" போட்டுவிட்டால் ஐம்பது எபிசோடாகக் கட்டிய உறவு இடிந்துவிடும். பையன் "ண்ணா" என்பான், வாத்தியார் எல்லோரையும் "டேய்" என்பார், மாமியாரை மட்டும் "அம்மணி" என்பார். இதைக் கட்டம் போட்டு எழுதுங்கள். சேலம், கொங்குப் பேச்சும் தருமபுரிப் பக்கத்துப் பேச்சும் கலக்கிற ஊர். சென்னையிலிருந்து எழுதி அனுப்புகிறவருக்கு அது காதில் விழாது. அவருக்குப் பாத்திரத்துக்கு இருபது சொற்கள் கொண்ட பட்டியலும், அந்தப் பாத்திரம் ஒருநாளும் சொல்லாத ஐந்து சொற்களும் கொடுங்கள்.

பிறகு பயன்படுத்திய முடிச்சுகளின் பட்டியல், எபிசோட் எண்ணோடு. முடியாமல் கிடக்கும் விஷயங்கள்: வாத்தியாரின் கடன் 38-ஆவது எபிசோடில் 1,340 ரூபாய் என்றால் அதையும் எழுதுங்கள். வேண்டாம் என்று தள்ளிய கதைகளையும் காரணத்தோடு எழுதிவிட்டால் புதியவர் அதே குழியில் விழ மாட்டார்.

புது எழுத்தாளர் வந்ததும் பாத்திரங்கள் கேலிச்சித்திரம் ஆகிவிடுகின்றன. ஏன்?

அவர் தொடரைத் துண்டு வீடியோக்களில் பார்த்திருப்பார். பரவலாகப் பகிரப்படும் துண்டில் மாமியார் கத்துவது மட்டும்தான் இருக்கும், கத்துவதற்கு முன் மூன்று காட்சி பொறுத்துக்கொண்டது வெட்டுப்பட்டிருக்கும். அவர் எழுதும் மாமியார் முதல் வரியிலிருந்தே கத்துவார். மருந்து ஒன்றுதான்: முழு எபிசோடுகளாகக் குறைந்தது இருபதைப் பார்க்கவையுங்கள், அதில் பாதி அதிகம் ஓடாத எபிசோடுகளாக இருக்கட்டும்.

இன்னொரு சோதனை. புதுப் பிரதியில் பாத்திரப் பெயர்களை மறைத்துவிட்டுப் பத்து வசனங்களை உரக்க வாசியுங்கள். யார் பேசுவது என்று குறைந்தது ஏழு வசனத்திலாவது தெரியவேண்டும். தெரியவில்லையென்றால் எல்லோர் வாயிலும் எழுத்தாளர்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

'லொள்ளு சபா'வில் சந்தானம் போன பிறகும் ஜீவா வந்து ஓடியதே?

அது வாரம் ஒரு படத்தைக் கேலி செய்யும் நிகழ்ச்சி. நடிகருக்கு நிலையான பாத்திரம் கிடையாது, வேடம் ஒவ்வொரு வாரமும் புதிது. நிலையாக இருந்தது ராம்பாலாவின் இயக்கம்.

நடிகர்கள் ஐந்தாறு வருடத்தில் ஏன் கிளம்புகிறார்கள்?

அமெரிக்காவில் சட்டமே காரணம். கலிஃபோர்னியாவில் ஒருவரின் உழைப்பை ஏழு ஆண்டுக்கு மேல் ஒப்பந்தத்தில் கட்டி வைக்க முடியாது. நடிகை ஒலிவியா டி ஹாவிலாண்ட் தொடுத்த வழக்கில் 1944-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தக் காலம் முடிவதையொட்டிச் சம்பளப் பேச்சு எழும், சிலர் கிளம்புவார்கள். நமக்கு அது பொருந்தாது, ஆனால் எழுத்து ஒப்பந்தம் பொருந்தும். ஒரு பக்கத்தில் மூன்றே விஷயம்: எத்தனை எபிசோட், விலகுவதென்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பு (30 நாள் நியாயம்), எடுத்து முடித்த காட்சிகளையும் டைட்டில் துண்டுகளையும் பிறகு பயன்படுத்தலாமா. எழுத்தாளருக்கு இன்னொரு வரி: கருவாக்கம் என்ற இடத்தில் அவர் பெயர் கடைசி எபிசோட் வரை இருக்கும். வசனப் பெயர் மட்டும் புதியவருக்கு மாறும்.

ஏற்காட்டில் எடுக்கும் தொடருக்குத் தனியாக ஏதாவது?

உண்டு. ஆள் விலகப்போகிறார் என்று தெரிந்ததும் அவரை ஒரு நாள் மலைக்கு அழைத்து, இருப்புக் காட்சிகள் எடுத்துவிடுங்கள்: முதுகுப்புறம் நடப்பது, பஸ் ஏறுவது, ஜன்னலில் பார்ப்பது, போனில் சிரிப்பது, போனில் கோபப்படுவது, கதவைச் சாத்துவது. இரண்டு உடையில் எடுத்தால் பன்னிரண்டு துண்டு கிடைக்கும், ஐந்தாறு எபிசோடுக்கு அவர் இருப்பதுபோலக் காட்டலாம். பனிமூட்டத்தில் எடுத்தது வெயிலில் எடுத்ததோடு ஒட்டாது, அதனால் ஒவ்வொன்றையும் இரண்டு வெளிச்சத்திலும் எடுங்கள். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிய பிறகு சிலருக்குத் தலைசுற்றும், முதல் ஷாட்டுக்கு முன் அரை மணி நேரம் விடுங்கள். சனி, ஞாயிறும் மே மாதக் கோடை விழாவும் வேண்டாம், வண்டிச் சத்தத்தில் வசனம் கேட்காது.

சேலத்தில் முன்னுதாரணம் ஏதும் உண்டா?

ஏற்காடு சாலையில் இன்றும் வளைவு நிற்கிறதே, அந்த மாடர்ன் தியேட்டர்ஸ்தான். டி.ஆர். சுந்தரம் தொடங்கிய, நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த நிறுவனம். 1950-இல் வந்த 'மந்திரி குமாரி'க்கு வசனம் மு. கருணாநிதி. இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் பாதியில் அமெரிக்கா திரும்பிவிட, மீதியைச் சுந்தரமே எடுத்து முடித்தார், படத்தில் இருவர் பெயரும் வந்தது. தலைமை மாறியும் படம் நிற்கவில்லை, முன்னவர் பெயரும் மறையவில்லை. பெயர் போடுவதில் தகராறு வரும் குழுக்கள் இதை நினைவில் வைக்கலாம்.

விலகியவர் திரும்பி வர ஆசைப்பட்டால்?

அவர் இடத்துக்கு வந்தவரிடம் முதலில் பேசுங்கள். பிறகு இரண்டு எபிசோட் விருந்தாளியாக மட்டும் கூப்பிடுங்கள். 'சியர்ஸ்' தொடரிலிருந்து 1987-இல் போன ஷெல்லி லாங் 1993-இல் கடைசி எபிசோடுக்கு வந்தார். 'த ஆஃபீஸ்' தொடரிலிருந்து 2011-இல் போன ஸ்டீவ் கரெல் 2013-இல் கடைசி எபிசோடில் கொஞ்ச நேரம் தலைகாட்டினார். வாத்தியார் திரும்பி வந்தால் கடையில் உட்காரவைத்து ஒரு செட் கொடுங்கள், 1,340 ரூபாயை மாமியார் கேட்கட்டும். இரண்டு எபிசோடும் ஓடிய பிறகு அவர் தங்குவதைப் பற்றிப் பேசலாம்.